பிரேக் டீச்சர்

நடைபாதையில் ஏறி நிற்கும் காரைக் கண்டால், அதன் வைப்பர் இரண்டையும் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் டீச்சர் அடுத்த அடி வைப்பார். ஒரு கையில் சைக்கிள். இன்னொரு கையால் முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். கீறல் போட மாட்டார், காற்றைப் பிடுங்க மாட்டார். போலீசிடம் மாட்டிய திருடனைப் போலக் கார் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கும். "நில்லு அப்படியே. உன் மொதலாளி வந்து இறக்கிவிடட்டும்" என்பார். அவர் காரிடம் பேசுவது, காரின் சொந்தக்காரரிடம் பேசுவதைவிடக் கொஞ்சம் மரியாதையாகவே இருக்கும்.

இப்படிச் சைக்கிளை மிதித்தும் தள்ளியும் அவர் தினமும் போய்ச் சேரும் இடம் ஒரு டிரைவிங் ஸ்கூல். அங்கே அவருக்கு வேலை, மற்றவர்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது.

குள்ளமான பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர். பேன்ட் கால் செயினில் மாட்டாமல் இருக்கத் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டியிருப்பார். ஸ்கூல் கொடுத்த சட்டையின் முதுகில் 'எங்களிடம் வாருங்கள், நம்பிக்கையோடு ஓட்டுங்கள்' என்று பெரிதாக எழுதியிருக்கும். சைக்கிளில் மணி உண்டு, அடிப்பதில்லை. "அவங்க கண்ணாடிய ஏத்திட்டு உள்ள பாட்டு கேக்கறாங்க. நான் மணி அடிச்சா கொசு கத்தற மாதிரி. அதான் தொண்டையை வளர்த்து வச்சிருக்கேன்." அந்தத் தொண்டையிலிருந்து "ஓரம்!" என்று ஒரு சத்தம் கிளம்பினால் லாரிகூட ஒரு நிமிடம் யோசிக்கும்.

அந்த ஸ்கூலின் கார்களைக் கழுவித் துடைப்பது என் வேலை. துடைக்கிறவளுக்கு ஓட்டியவர்களின் குணம் தெரிந்துவிடும். ஸ்டியரிங் உறையில் நகம் பதிந்திருந்தால் பயந்த ஆள். ஹாரனைச் சுற்றி அழுக்குப் படிந்திருந்தால் பயமே இல்லாத ஆள். அவரைக் கண்டு நாம்தான் பயப்பட வேண்டும். டீச்சர் உட்காரும் பக்கத்து இருக்கைக்குக் கீழே இன்னொரு பிரேக் உண்டு, கற்றுக்கொடுப்பவர் மிதிப்பதற்கு. அதன் ரப்பர் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. ஆக்சிலரேட்டர் அவர் பக்கம் கிடையாது. "போறது அவங்க கால்ல, நிக்கறது என் கால்ல. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்புல சமைக்கற கதைதான்" என்பார். பழக வந்த யாரோ 'பிரேக் டீச்சர்' என்று பெயர் வைக்க, அதுவே நிலைத்துவிட்டது.

காரை விட்டு இறங்கினாலும் அந்தக் கால் சும்மா இருக்காது. பஸ்ஸில் நின்றுகொண்டு போனாலும் தரையை மிதிக்கும். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வெளியே டயர் கிறீச்சிட்டால், மேஜைக்குக் கீழே டக்கென்று ஒரு மிதி. அவருடைய வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர், இப்போது முட்டி போய் வீட்டில் இருக்கிறார். ஒருநாள் அவர் ஸ்கூலுக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்: "தூக்கத்துல யாரோ குறுக்க வந்துடறாங்கம்மா. இவ பிரேக் போடறா. அடி விழறது எனக்கு."

கார் ஓட்டத் தெரிந்தவர், ஸ்கூலில் கார் நிற்கிறது, ஏன் சைக்கிளில் வருகிறார் என்று கேட்காத ஆள் இல்லை. கேட்கிறவரின் முகத்தைப் பார்த்துப் பதில் மாறும். டாக்டரிடம், "முட்டி நல்லா இருக்கே, சும்மா வச்சுத் துருப்பிடிக்க விடணுமா?" எதிர்க்கடை இளைஞனிடம், "உன் காரு சிக்னல்ல நிக்கற நேரத்துல நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிடறேன்." முதலாளியிடம், "நாள் பூரா அதுக்குள்ளதானே உக்காந்திருக்கேன். கசாப்புக் கடைக்காரன் வீட்டுக்குப் போயும் வெட்டிக்கிட்டா இருப்பான்?" எல்லாமே உண்மைதான். என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. நானும் தினமும் நடந்துதான் போகிறேன். கார் வாங்க முடியாதவள் நடந்தால் அது கேள்வி இல்லை போலிருக்கிறது.

ஒருமுறை நான் பின்சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலேயே ஒரு பதில் சொன்னார். "கண்ணாடிய ஏத்திட்டா எனக்கு வாய் நாறுது பொண்ணே. வயசானவங்க யாராவது மெதுவா ரோட்டைத் தாண்டினா, 'சீக்கிரம் போய்த் தொலை'ன்னு வருது. அதே ஆளைச் சைக்கிள்ல போறப்போ பாத்தா, 'பாத்துப் போங்க'ன்னு வருது. ரெண்டும் நான்தான். எனக்கு அந்த ரெண்டாவது ஆளைத்தான் பிடிச்சிருக்கு."

ஸ்கூலுக்கு முன்னால் இருக்கும் சாலையை அகலப்படுத்தினார்கள். எதை வெட்டி அகலப்படுத்துகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பேர் பேசிக்கொண்டு நடக்கக்கூடிய நடைபாதை இருந்தது. இப்போது ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பி வயிற்றை எக்கிக்கொண்டு போகலாம். வழியில் மின்சாரக் கம்பம் வந்தால் அதுவும் முடியாது. கீழே சாலையில் இறங்கித்தான் ஏற வேண்டும். இறங்கும்போது காது அருகே ஹாரன் அடிப்பார்கள். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் அந்தக் கம்பத்தின் முன்னால் நின்று இப்படியும் அப்படியும் பார்ப்பதைத் தினமும் பார்க்கிறேன். "ரோடு பெருத்துடுச்சு, நாமதான் இளைக்கணும்" என்பார் டீச்சர். சிரிக்காமல் சொல்வார்.

அதனால்தானோ என்னவோ, கார் பழக வருகிறவரை முதல் நாள் அவர் காரில் ஏற விடுவதில்லை. அது ஸ்கூலின் சட்டம் அல்ல, அவருடைய சட்டம். பின்புறம் ஒரு பழைய சைக்கிளை வைத்திருந்தார். "இதுல ரவுண்டானா வரைக்கும் போயிட்டு வரலாம், வாங்க." சைக்கிள் தெரியாதவர் நடந்துபோய் அந்த ரவுண்டானாவைச் சுற்றிக் கடந்து திரும்ப வேண்டும். டீச்சர் தன் சைக்கிளில் ஒட்டினாற்போலப் பின்னாலேயே போவார்.

போகும்போது சிரித்துக்கொண்டு போனவர்கள் திரும்பும்போது வெளிறிப் போயிருப்பார்கள். ஒரு பேங்க் மேனேஜர் வந்து இறங்கியதும் கத்தினார். "கண்ணு தெரியாதா அவனுக்கு? ஒரு மனுஷன் போறேன்ல நான்? உரசிட்டுப் போறான்!"

"மூஞ்சியப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். எருமை மாதிரி உக்காந்திருந்தான்."

"ஞாபகம் வச்சுக்கோங்க. லைசென்ஸ் வாங்கின அடுத்த வாரம் கண்ணாடில அதைத்தான் பாப்பீங்க."

மேனேஜர் கோபித்துக்கொண்டு போனார். மறுநாள் வந்தார். அவர் ஓட்டிய காரைத் துடைக்கும்போது ஹாரனைச் சுற்றி ஒரு அழுக்கும் இருந்ததில்லை.

எல்லோரும் அப்படி இல்லை. "பணம் கட்டினது காருக்கு, கழைக்கூத்துக்கு இல்ல" என்று பாதியிலேயே நின்றுவிட்டவர்கள் உண்டு. முதலாளி முனகுவார். அவர் கெட்டவர் அல்ல. டேஷ்போர்டில் ஒட்டிவைக்கும் தலையாட்டி பொம்மை மாதிரி. வண்டி எந்தப் பக்கம் குலுங்குகிறதோ அந்தப் பக்கம் ஆடுவார்.

அவர் பலமாகக் குலுங்கியது ஃபர்னிச்சர் கடைக்காரரின் மருமகள் விழுந்த அன்றைக்கு.

ஒல்லியான பெண். பேசினால் காதைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். சைக்கிள் என்றதும் முகம் மலர்ந்தது. சின்ன வயதில் ஓட்டியதாம். இருவரும் கிளம்பிய நேரத்தில் டீச்சரை முதலாளி உள்ளே கூப்பிட்டார், யாரோ ஃபோனில் ஏதோ சந்தேகம் கேட்கிறார்கள் என்று. "நீ மெல்லப் போயிட்டே இரும்மா, மூலை திரும்பறதுக்குள்ள நான் வந்துடறேன்" என்றார் டீச்சர். அந்த மூலையில்தான் ஒரு கார் பெண்ணை ஒட்டித் திரும்பியது. அதன் பக்கக் கண்ணாடி முழங்கையில் பட்டது. பெண் விழுந்தாள். கார் நிற்கவில்லை.

சத்தம் கேட்டதும் டீச்சர் ஃபோனைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பெண்ணைத் தோளில் சாய்த்து அழைத்து வந்தார். மணிக்கட்டு வீங்கிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரிக்கும் அவரே கூட்டிப்போனார். எலும்பில் கீறல், கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் காலையில் ஃபர்னிச்சர் கடைக்காரர் மருமகளோடு வந்தார். தன் பெரிய காரை ஸ்கூல் வாசலில், மிச்சமிருந்த நடைபாதை முழுவதையும் அடைத்து நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். சற்று நேரம் கழித்து டீச்சர் உள்ளே நுழைந்தார்.

"யாரு இங்க டீச்சர்?"

"நான்தான் சார்."

"கார் ஓட்டத்தானே அனுப்பினேன்? சர்க்கஸ்ல சேர்த்துவிடவா அனுப்பினேன்? என்னம்மா நீ, மூளை இருக்கா உனக்கு?"

முதலாளி எழுந்து நின்று, "சார், உக்காருங்க சார், தண்ணி சாப்பிடுங்க சார்" என்றார்.

"இந்த ரோட்டுல மனுஷன் நடக்க முடியுமா? சைக்கிள்ல போக முடியுமா? முடியாதுன்னுதானே வீட்டுக்கு மூணு காரு வாங்கி நிறுத்தியிருக்கேன்!"

"அதனாலதான் சார் நடக்க முடியல" என்றார் டீச்சர்.

நான் அறையின் மூலையில் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது. சிரிக்கிற இடம் அது இல்லை.

"பாத்தியா வாய!" என்று கடைக்காரர் முதலாளி பக்கம் திரும்பினார். "இப்பவே இந்தம்மா எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா என் சொந்தக்காரங்க, என் கடைப் பசங்க, ஒருத்தரும் இந்தப் பக்கம் வரமாட்டாங்க."

முதலாளியின் தலை டீச்சர் பக்கம் ஆடியது. "கேட்டுடுங்க டீச்சர். பொண்ணு ஏன் சைக்கிள்ல போகணும், அதுவும் அந்த நேரத்துல? பளிச்சுன்னு ஒரு சட்டையாவது போட்டிருக்கலாம்ல..."

அப்போதுதான் டீச்சரின் தொண்டை திறந்தது. சாலையில் திறப்பது போல அல்ல. குரல் கீழே இறங்கியிருந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

"அவ ஏன் சைக்கிள்ல போனா, கேட்டாச்சு. ஏன் அந்த நேரத்துல போனா, கேட்டாச்சு. என்ன கலர் சட்டை, அதையும் கேட்டாச்சு. நேத்துலேருந்து ஆஸ்பத்திரில, தெருவுல, இங்க, எல்லாரும் இதையேதான் கேக்கறீங்க. இடிச்சுட்டு நிக்காமப் போனானே, அவன் யாருன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? ஏதோ மழை பெஞ்சு இவ நனைஞ்ச மாதிரி பேசறீங்க. மழைக்கு ஆள் கெடையாது சார். அந்தக் காருக்குள்ள ஒரு ஆள் இருந்தான்."

டீச்சர் மருமகளுக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையைத் தொடாமல், அதற்குக் கீழே தன் கையை வைத்தார்.

"உன்னைத் தனியா விட்டது என் தப்பும்மா. ஃபோன் அடிச்சா அடிக்கட்டும்னு உன் பின்னாடியே நான் வந்திருக்கணும். மன்னிச்சுக்கோ."

கடைக்காரர் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மருமகள் மெல்ல ஏதோ சொன்னாள். "சத்தமாச் சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்" என்றார் மாமனார்.

"அவரு ஃபோன்ல பேசிட்டே திருப்பினாரு. என்னைப் பாக்கவே இல்ல." கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்களும் அப்படித்தான் மாமா ஓட்டுவீங்க."

மாமனாரின் முகத்தை நான் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. வெளியே அவருடைய கார் இரண்டு வைப்பரையும் தூக்கிக்கொண்டு நின்றது. அன்றைக்கு டீச்சர் அவருக்குப் பிறகுதான் வந்திருந்தார். இருக்கிற வழியில்தானே அவரும் வர வேண்டும். "எவன்டா இது!" என்று கடைக்காரர் ஒவ்வொன்றாக அடித்து இறக்கிவிட்டுப் போனார்.

அவர் போனதும் முதலாளி கதவைச் சாத்தினார். டீச்சரைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த சிக்னல் படத்தைப் பார்த்துப் பேசினார்.

"டீச்சர், எனக்கும் குடும்பம் இருக்கு. இனிமே முதல் நாள் சைக்கிள் கிடையாது. பழைய சைக்கிளை இன்னிக்கே பழைய இரும்புக்குப் போட்டுடறேன். உங்க சைக்கிளும் வாசல்ல நிக்கக் கூடாது. கார் ஓட்டக் கத்துத்தர்றவங்களே சைக்கிள்ல போனா, பாக்கறவன் என்ன நினைப்பான்? காரை எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க, அதுலயே வாங்க. மேல நம்ம போர்டு இருக்கட்டும், லைட்டோட. போற வழியெல்லாம் விளம்பரம். முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

மேஜைக்குக் கீழே டீச்சரின் கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. எதுவும் நிற்கவில்லை.

அவர் வீட்டு வாடகை அவர் சம்பளத்தில் போகிறது. வீட்டுக்காரரின் முட்டி மாத்திரையும் அதில்தான் போகிறது. அந்த வயதில் வேறு ஸ்கூலில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். சேர்த்தாலும் ஃபர்னிச்சர் கடைக்காரரின் வாய் அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். இது எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாதா?

"சாவியக் குடுங்க" என்றார்.

அவர் கத்தவில்லை. எனக்குத்தான் கத்த வேண்டும் போல இருந்தது. துடைத்த காரையே எடுத்து மறுபடி துடைத்தேன், பெயின்ட் போய்விடும் அளவுக்கு.

பழைய சைக்கிளை இரும்புக்காரர் தூக்கிப் போனார். டீச்சர் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பின்புறம் காலி டப்பாக்களுக்கு நடுவே சாத்தினார். "காத்து இறங்காமப் பாத்துக்கோ பொண்ணே" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு தினமும் காரில் வந்தார், காரில் போனார். உச்சியில் மஞ்சள் போர்டு. அதில் ஸ்கூலின் பெயர், ஃபோன் நம்பர், உள்ளே விளக்கு. முதலாளிக்கு மகிழ்ச்சி. "இப்பத்தான் டீச்சர் டீச்சர் மாதிரி இருக்காங்க" என்று எதிர்க்கடையில் சொன்னார். கார் பழக வந்தவர்கள் நேராகக் காரில் ஏறினார்கள், முதல் நாளே ஹாரன் அடித்துப் பார்த்தார்கள்.

"எப்படி இருக்கு டீச்சர், கார்ல போறது?" என்று கேட்டேன்.

"ஏசி நல்லாருக்கு. பேசறதுக்குத்தான் ஆள் இல்ல, திட்டறதுக்கு நிறைய பேர் இருக்காங்க."

அந்த வாரக் கடைசியில் வேலை முடிந்து நான் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். எல்லா ஆபீசும் விடுகிற நேரம். மின்சாரக் கம்பத்துக்காக நடைபாதையிலிருந்து இறங்கினபோது, பின்னால் இருந்து ஹாரன் சத்தம் கிளம்பியது. ஒன்று இரண்டு அல்ல, தெரு மொத்தமும் சேர்ந்து அலறுவது போல இருந்தது. எனக்குத்தான் அடிக்கிறார்கள் என்று நினைத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

அத்தனைக்கும் முன்னால் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. வெள்ளையடிக்கிற ஆள் போலிருக்கிறது. ஹேண்டில் பாரில் இரண்டு பக்கமும் வாளி, பின்னால் கேரியரில் நீளவாக்கில் கட்டிய மட்டையும் தூரிகையும். அந்தப் பாரத்தோடு அவரால் எவ்வளவு வேகமாக மிதிக்க முடியுமோ அவ்வளவுதான் மிதித்துக்கொண்டு வந்தார். ஓரத்தில் ஒதுங்க இடமில்லை. ஓரம் என்று ஒன்றை யாரும் மிச்சம் வைக்கவில்லை.

அவருக்குப் பின்னால், இடித்துவிடாத தூரத்தில், சாலையின் நடுவில், அவருடைய வேகத்திலேயே ஒரு கார். உச்சியில் மஞ்சள் போர்டு எரிந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் புகுந்து முந்தவும் இடமில்லை, அந்தப் பக்கம் புகுந்து முந்தவும் இடமில்லை. அதற்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கார்கள், விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டுக்கொண்டு. அதில் ஃபர்னிச்சர் கடைக்காரருடையதைப் போன்ற பெரிய கார்களும் இருந்தன. ஒருவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "ஏய், ஓட்டத் தெரியாதா உனக்கு? எவன்கிட்டக் கத்துக்கிட்ட?" என்று கத்தினார். அவருக்கு அடுத்த காரில் இருந்தவர் கண்ணைச் சுருக்கிப் போர்டிலிருந்த நம்பரைப் படித்துப் படித்துத் தன் ஃபோனில் அழுத்திக்கொண்டிருந்தார்.

சைக்கிள்காரர் ஒருமுறை பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். டீச்சர் ஹாரன் அடிக்கவில்லை. சைக்கிள்காரர் தோளைக் குறுக்கிக்கொண்டு வேகமாக மிதிக்கப் பார்த்தார், வாளிகள் ஆடின. பிறகு பின்னால் இருக்கும் கார் நெருங்கவில்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். தோள் தளர்ந்தது. தன் பாட்டுக்கு மிதித்தார்.

காருக்குள் டீச்சரின் பக்கத்து இருக்கையில் ஃபோன் விட்டுவிட்டு ஒளிர்ந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடியை முழுவதும் இறக்கினார். கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைத் தரைப் பக்கம் திருப்பி, பின்னால் அலறிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் மெதுவாக ஏற்றி இறக்கிக் காட்டினார்: மெல்ல, மெல்ல.